ஊதினால் பூஜ்ஜியம்

காலை ஆறேகாலுக்கே கிரேன்காரர் சைட் வாசலில் நின்றார். வேலை ஏழு மணிக்குத்தான். ஆனால் இரண்டு மாதமாக அவர் இப்படித்தான் முன்கூட்டி வந்து காவலாளியின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்.

"வாங்க, மேல இருக்கிறவரே," என்று காவலாளி கொட்டாவியோடு, குடித்திருக்கிறார்களா என்று ஊதிப் பார்க்கும் கருவியை நீட்டினார். சைட்டில் கிரேன்காரருக்கு அதுதான் பெயர். கான்கிரீட் தாமதமானால், "மேல இருக்கிறவர் மனசு வைக்கணும்" என்பார்கள். மழை வந்தாலும் அவரைத்தான் திட்டுவார்கள். அறுபது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்து இரும்பையும் கல்லையும் ஊர் மேல் தூக்கிச் சுற்றும் ஆளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

அவர் குனிந்து ஊதினார். சின்னத் திரையில் பூஜ்ஜியம் வந்தது. பதினொரு வருடமாக அதே பூஜ்ஜியம்தான். மதுவின் வாசனைகூட அவருக்கு ஆகாது. கல்யாண வீட்டில் யாராவது கண்ணாடித் தம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவார். ஏன் என்று கேட்டால் "எங்கப்பா எனக்கும் சேர்த்துக் குடிச்சிட்டுப் போயிட்டாரு" என்பார். அதற்குமேல் யாரும் வாயைப் பிடுங்க முடியாது.

ஏணியின் அடியில் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். யாரும் இல்லை. அதற்காகத்தானே இந்த அதிகாலை வருகை! கிரேன் கோபுரத்தின் வயிற்றுக்குள்ளே ஒன்பது ஏணிகள். ஒவ்வொன்றும் முடியும் இடத்தில் மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு சின்ன மேடை. போன வருடம்வரை கால்மணி நேரத்தில் ஏறிவிடுவார். இப்போது அரைமணிக்கு மேல் ஆகிறது. வலது கையால் பிடித்துக்கொண்டு, இடது கையின் முழங்கையை மடக்கிக் கம்பியில் கொக்கி போல மாட்டி, உடம்பை இழுத்துக்கொள்ள வேண்டும். இடது கைவிரல்களை நம்பிப் பயனில்லை. அவை அவருடைய விரல்கள்தான், ஆனால் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

ஐந்து மாதத்துக்கு முன் சட்டைப் பொத்தானில் ஆரம்பித்தது. பொத்தான் போடவே வரவில்லை. அவர் சட்டையைத் திட்டினார். அப்புறம் பூட்டில் சாவி திரும்பவில்லை. பூட்டைத் திட்டினார். ஒரு நாள் பனியனோடு உட்கார்ந்திருந்தபோது மனைவி அவருடைய தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க இது, தானா துடிக்குது?" தோலுக்கடியில் சதை அங்கங்கே பொட்டுப் பொட்டாகத் துள்ளிக்கொண்டிருந்தது. வலி இல்லை. வலி இருந்திருந்தால் சீக்கிரம் போயிருப்பார். வலிக்காத நோயை யார் மதிக்கிறார்கள்!

ஒரு மருத்துவர் கழுத்தெலும்பு என்றார். இன்னொருவர் சத்துக் குறைவு என்று மாத்திரை கொடுத்தார். அதற்குள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதைமேடு வற்றிப் பள்ளமாகிவிட்டது. இடது காலில் செருப்பு நழுவ ஆரம்பித்தது. பிடிவாதக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நரம்பு மருத்துவரிடம் போனது மகள்தான். அவள் ஒரே மகள், வயது இருபத்து நான்கு, பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். எதையும் நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம்.

அந்த மருத்துவர் தசைகளில் ஊசி குத்தித் திரையில் அலைகளைப் பார்த்தார். ஸ்கேன், ரத்தம் எல்லாம் பார்த்து, வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"மூளையும் தண்டுவடமும் தசைக்கு உத்தரவு போடணும்னா அதைக் கொண்டுபோக நரம்பு செல்கள் இருக்கு. உங்களுக்கு அது ஒவ்வொண்ணா செத்துக்கிட்டிருக்கு. உத்தரவு வராத தசை மெலிஞ்சிடும். கையில ஆரம்பிச்சது காலுக்கு வரும். பேச்சு குழறும், முழுங்கறது கஷ்டமாகும். கடைசியில மூச்சு. ஆனா புத்தி பெரும்பாலும் தெளிவாவே இருக்கும்."

"எவ்வளவு நாள்ல?" என்று மகள் கேட்டாள். நோட்டைத் திறந்து வைத்திருந்தாள்.

"ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு ரெண்டு மூணு வருஷம், சிலருக்கு அதுக்கு மேல. கொஞ்சம் மெதுவாக்க மருந்து இருக்கு, நிறுத்த இல்லை."

"எதனால வருது டாக்டர்?"

"பத்துல ஒன்பது பேருக்குக் காரணம் சொல்லத் தெரியறதில்லை. மிச்சம் ஒருத்தருக்குக் குடும்பத்து வழியா வரும், மரபணுக் கோளாறு. அப்படி இருந்தா, பிள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் அந்தக் கோளாறு போய்ச்சேர பாதிக்குப் பாதி வாய்ப்பு." மருத்துவர் அவர் பக்கம் திரும்பினார். "உங்க குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்துச்சா?"

"இல்லைங்க."

"அப்பா இருக்காரா?"

"குடிச்சே செத்தாரு. அம்பத்திரண்டு வயசுல."

"கடைசியில எப்படி இருந்தாரு?"

அவர் யோசிக்காமல் சொல்லிக்கொண்டே போனார். தள்ளாடுவாரு. நாக்கு தடிச்சுப்போய்ப் பேச்சே புரியாது. தண்ணி குடிச்சா மூக்கு வழியா வரும். ஒண்ணுமில்லாததுக்குச் சிரிப்பாரு, நிறுத்த முடியாம அழுவாரு. கடைசியில கை சூம்பிப்போய்...

மருத்துவரின் பேனா நின்றுவிட்டது. "அவர் குடிச்சு நீங்க பார்த்திருக்கீங்களா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பக்கத்தில் மகள் 'பாதிக்குப் பாதி' என்று எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"பார்க்காம என்ன? நானே எத்தனை பாட்டில் எடுத்திருக்கேன்," என்றார். அவர் வாழ்நாளில் சொன்ன பெரிய பொய் அது.

மகள் ஒரு பெருமூச்சு விட்டு நோட்டை மூடினாள். மரபணு சோதனை செய்து பார்க்கலாம் என்றார் மருத்துவர். தேவையே இல்லை என்றார் இவர். கிரேனில் ஏறக்கூடாது என்றார் மருத்துவர். அதற்கு மட்டும் தலையாட்டினார். தலையாட்டி இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. தினமும் சாயங்காலம் மகள் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்கிறாள். "இறங்கிட்டீங்களாப்பா? கீழ வேலைக்கு மாத்திட்டாங்களா?" அவரும் தினமும் அதே பதிலைச் சொல்கிறார். "ஆள் தேடறாங்கம்மா, ரெண்டு நாள்."

யாரும் ஆள் தேடவில்லை. அவர் யாரிடமும் வாயே திறக்கவில்லை. திறந்தால் கம்பெனி மருத்துவர் வருவார். அவரும் அப்பாவைப் பற்றித்தான் முதலில் கேட்பார். ஏணி ஏற முடிகிற வரைக்கும் நோய் இல்லை என்று ஒரு முட்டாள்தனமான கணக்கும் மனசில் இருந்தது. மகள் கணக்கு சொல்லிக்கொடுப்பவள், அப்பன் போட்ட கணக்கு இந்த லட்சணம்!

அப்பா பஸ் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் ஒரு கம்பியையும் பிடிக்காமல் நடந்துபோய் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். குரல் வெண்கலம். அந்த மனிதர் திடீரென்று பயணிகள் மடியில் விழ ஆரம்பித்தார். டிக்கெட் கிழிக்க விரல் வரவில்லை. நிறுத்தத்தின் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியவில்லை. புகார் மேல் புகார். அந்தக் காலத்தில் ஊதிப் பார்க்கக் கருவி ஏது? மேலாளரின் மூக்குதான் கருவி. அந்த மூக்கு என்ன மோந்ததோ, வேலை போயிற்று.

அம்மா வீட்டைத் தலைகீழாகப் புரட்டிப் பாட்டிலைத் தேடினாள். மெத்தையைப் பிரித்தாள், தண்ணீர்த் தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. "பார்த்தியா, எவ்வளவு சாமர்த்தியமா ஒளிச்சு வச்சிருக்காரு!" என்றாள். ஒரு மனுஷனைக் குடிகாரன் என்று முடிவு கட்டிவிட்டால், பாட்டில் கிடைக்காததே அவன் குடிக்குச் சாட்சி ஆகிவிடும். "குடிக்கலடா," என்பார் அப்பா. அந்த ஒரு வார்த்தையும் குழறித்தான் வரும். அதைக் கேட்டு மகன் சிரித்திருக்கிறான்.

பதினாறு வயதில் அவரே ஒரு நாள் அப்பாவின் பின்னால் ஒளிந்து ஒளிந்து போனார், எங்கே குடிக்கிறார் என்று கையும் களவுமாகப் பிடிக்க. அப்பா பஸ் டிப்போவின் பின்சுவருக்குப் போய் நின்றார். சுவரைப் பார்த்து பஸ் நிறுத்தங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். "மணிக்கூண்டு. பழைய பாலம். நூலகம். ஆஸ்பத்திரி. மணிக்கூண்டு. மணிக்கூண்டு." ஒரு சொல் சரியாக வரவில்லை என்றால் சுவரில் தலையை முட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். போதையில் உளறுகிறார் என்று மகன் வீட்டில் வந்து சொன்னான். அன்று முதல் அப்பா சாகும்வரை, ஒன்றரை வருடம், மகன் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அது தப்பு என்று இன்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அப்பா குடிகாரராக இருக்கும்வரை தன் நோய் தன்னோடு போகிற நோய். அப்பா குடிக்கவில்லை என்று ஒப்புக்கொண்ட மறுநிமிடம், அது மகளின் வாசலில் போய் நிற்கும். அதனால்தான் செத்துப்போன மனுஷனை மறுபடி ஒரு தடவை குடிக்க வைத்தார். எல்லாம் தெரிந்தேதான் செய்தார்.

பத்தரை மணிக்கு ஒன்பதாவது மாடிக்கு ஒரு படிக்கட்டைத் தூக்கி ஏற்ற வேண்டியிருந்தது. கீழேயே வார்த்து வைத்த கான்கிரீட் படிக்கட்டு, இரண்டு டன் கனம். ஒன்பதாவது தளத்தின் ஓரத்தில் வாக்கி-டாக்கியோடு நின்றவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. கிரேனுக்குச் சைகை சொல்கிறவன். இந்த வேலைக்கு அவனைக் கொண்டுவந்ததே இவர்தான்.

"மாமா, தூக்குங்க. மெதுவா... ஆச்சு. இப்ப இடப்பக்கம் சுத்துங்க."

தூக்குவது வலது கை லிவர். சுற்றுவது இடது கை லிவர். அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கையை எடுத்தால் தானாக நடுவுக்கு வந்து, சுற்றுவது நின்றுவிடும். பாதுகாப்புக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். விரல் நிற்காது என்பதால் இரண்டு மாதமாக உள்ளங்கையால் முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். படிக்கட்டு தளத்தின் பக்கம் வந்துகொண்டிருந்தது. இன்னும் பத்து அடி. மணிக்கட்டு மடங்கியது. உள்ளங்கை வழுக்கியது. லிவர் சட்டென்று நடுவுக்குத் தாவியது.

கிரேனின் நீண்ட கை நின்றுவிட்டது. படிக்கட்டு நிற்கவில்லை.

இரண்டு டன் கல் வந்த வேகத்திலேயே மச்சினனைப் பார்த்து ஆடிப் போனது. அவர் கத்தினார். என்ன கத்தினாரோ, வாயிலிருந்து வந்தது வார்த்தையே இல்லை. மச்சினன் குப்புற விழுந்தான். படிக்கட்டு அவனுக்கு மேலாகப் போய், ஓரத்துக் குழாய்த் தடுப்பைப் பிய்த்துக்கொண்டு, திரும்பி ஆடியது. தரையில் கிடந்த மஞ்சள் தலைக்கவசம் அசையவில்லை. பிறகு அந்தத் தலைக்கவசம் மெல்ல நிமிர்ந்தது.

"மாமா!" வாக்கி-டாக்கியில் இரைப்பு. "உசுரோட இருக்கேன். கல்லை நிறுத்துங்க."

வலது கையை மார்புக்குக் குறுக்கே நீட்டி இடது லிவரைப் பிடித்தார். ஆட்டத்தின் போக்கிலேயே கிரேனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து, ஆட்டம் அடங்கக் காத்திருந்தார். அடங்கியது. கட்டடத்தை விட்டு வெளியே திருப்பினார். அதே கையை எடுத்து வலது லிவருக்குக் கொண்டுபோனார். ஒரு கையால் இரண்டு கையின் வேலை. படிக்கட்டைக் கீழே தரையில் வைத்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை.

வாக்கி-டாக்கியில் சைட் மேனேஜரின் குரல் வந்தது. "மேல என்ன நடக்குது? ஒரு வாரமாவே பார்க்கிறேன், பேச்சு ஒரு மாதிரியா இருக்கு. குடிச்சிருக்கீங்களா?"

"குடிக்கல சார்," என்றார்.

குழறியது. 'குடிக்கல' என்பதில் 'டி' நாக்கின் நுனியில் வழுக்கிக்கொண்டு போனது. அந்தக் குரல் அவருடையது இல்லை. டிப்போவின் பின்சுவரைப் பார்த்துப் பேசிய குரல்.

அந்தப் பக்கம் யாரோ சிரித்தது கேட்டது. "கீழ வாங்க," என்றார் மேனேஜர்.

அவர் எழுந்து கேபினின் அடிக்கதவைத் திறந்தார். ஏணி ஓட்டைக்குள் அறுபது மீட்டர். ஏறும்போது முழங்கை தாங்கும். இறங்கும்போது கால் கம்பியைத் தேடும் அந்த ஒரு கணம், இரண்டு கையும் பிடித்தாக வேண்டும். இவ்வளவு நாளும் எப்படியோ பிடித்துவிட்டன. இன்று இடது கை செத்த மீன் மாதிரித் தொங்கியது. இரண்டு கையின் வேலையைச் செய்த வலது கையோ ஓய்ந்துபோயிருந்தது. அவருக்குப் பயம் வந்தது. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, உயரத்தைப் பார்த்துப் பயம்.

கால்மணி கழித்து ஏணியில் காலடிச் சத்தம் கேட்டது. மச்சினன் தலை தெரிந்தது. முகமெல்லாம் சிமென்ட் தூசி, நெற்றியில் ஒரு கீறல். "என்னைக் கொல்லத்தான் வேலைக்குக் கூட்டிக்கிட்டு வந்தீங்களா?" என்று ஆரம்பித்தவன் அவருடைய கையைப் பார்த்தான். மெதுவாக அதைத் தூக்கினான். விட்டான். அது விழுந்தது.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"நோய் தெரியும். ஏறுறது தெரியாது."

"நல்ல குடும்பம்," என்றான் மச்சினன். கண் கலங்கியிருந்தது. "வாங்க. நான் ஒரு கம்பி கீழ நிக்கிறேன். உங்க காலை நான் எடுத்து வைக்கிறேன். நீங்க வலது கையை மட்டும் பாருங்க."

அப்படித்தான் இறங்கினார்கள். மச்சினனின் தலை அவர் முழங்காலில் இடித்தது. அவன் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவருடைய கணுக்காலைப் பிடித்துக் கம்பியில் வைப்பான். "இடது கால்... இருக்கு. விடுங்க. வலது கால்... இருக்கு." அவர் பிடி நழுவினால் இரண்டு பேரும் போவார்கள். இது இருவருக்கும் தெரியும். முதல் மேடையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். இரண்டாவது மேடையில் அவருடைய வாய் தானாக முணுமுணுத்தது. மணிக்கூண்டு. பழைய பாலம்.

"என்ன மாமா சொல்றீங்க?"

"ஒண்ணுமில்ல."

ஐந்தாவது ஏணியின் நடுவில் வலது கையும் விட்டுப்போனது. ஒரு கணம்தான். அவர் பின்பக்கம் சாய்ந்து ஏணியைச் சுற்றியிருந்த பாதுகாப்பு வளையத்தில் முதுகு மோதி நின்றார். மச்சினன் தன் தோளை அவர் தொடைக்கடியில் கொடுத்து, முழு எடையையும் தாங்கிக்கொண்டு நின்றான். அவன் கால் கம்பியில் நடுங்குவது இவருக்கு முதுகெலும்புவரை தெரிந்தது.

"நான் குடிக்கலடா," என்றார்.

"தெரியும் மாமா."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்னா தெரியும். கையை வைங்க."

அவர் அழுதார். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக. 'தெரியும்பா' என்ற ஒரு சொல்! பதினாறு வயதில் அப்பாவிடம் அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மச்சினன் கணுக்காலைப் பிடித்தபடி காத்திருந்தான். அழுது முடித்ததும் கையை வைத்தார்.

கீழே இருபது பேர் கூடியிருந்தார்கள். மேனேஜர் கருவியோடு தயாராக நின்றார். காலையில் கொட்டாவி விட்ட காவலாளி முகத்தில் ஈயாடவில்லை. கிரேன்காரர் ஊதினார். பூஜ்ஜியம். மேனேஜர் நம்பாமல் குழலை மாற்றி மறுபடி நீட்டினார். பூஜ்ஜியம்.

மேனேஜரின் முகம் லேசானது. அவருக்கு வெள்ளிக்கிழமைக்குள் தளம் முடிய வேண்டும். "சரி, காத்து தள்ளியிருக்கும். யாருக்கும் அடிபடல. ஒரு டீ குடிச்சிட்டு, மதியத்துக்கு மேல ஏறிக்கோங்க," என்றார். கூட்டம் கலைய ஆரம்பித்தது.

அவ்வளவுதான். பூஜ்ஜியம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. மச்சினன் மட்டும் நகராமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயைத் திறக்கமாட்டான். அது அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

அவர் இடுப்பிலிருந்து கேபின் சாவியை எடுத்து மேனேஜரின் கையில் வைத்தார்.

"நான் ஏற மாட்டேன் சார். எனக்கு நரம்பு நோய். கை போயிடுச்சு, நாக்கும் போகுது." கலைந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். அவர் ஒவ்வொரு சொல்லாக, நின்று நிதானித்துச் சொன்னார். "எங்கப்பாவுக்கும் இதே நோய்தான். ஊரே குடிகாரன்னு சொல்லுச்சு. நானும் சொன்னேன். அவர் ஒரு சொட்டு குடிச்சதில்ல."

மேனேஜர் சாவியைப் பார்த்தார். மச்சினன் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் மணல் மூட்டைகளின் மேல் உட்கார வைத்தான். போனை அவனே எடுத்து எண்ணைப் போட்டுக் காதில் வைத்தான்.

பள்ளிக்கூட இடைவேளைச் சத்தத்துக்கு நடுவில் மகளின் குரல் வந்தது. "என்னப்பா, இந்த நேரத்துல?"

"உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேம்மா. தாத்தா குடிக்கல. நான் பாட்டில் எதுவும் எடுக்கல. அவருக்கும் இதேதான்."

பிள்ளைகள் கத்தும் சத்தம் தூரமாகிக்கொண்டே போனது. அவள் எங்கேயோ நடந்துபோகிறாள். ஒரு கதவு சாத்தும் ஓசை. அப்புறம் அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. நோட்டில் அடிக்கோடு போட்ட அந்த இரண்டு சொற்கள் இப்போது அவள் கண்முன் நிற்கும். இவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவள் திட்டட்டும் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும்.

"அப்பா," என்றாள் கடைசியில். "கீழ இறங்கிட்டீங்களா?"

"இறங்கிட்டேம்மா."

"அங்கயே உட்காருங்க. நான் வர்றேன்."